மாடியைக் காலி செய்த மத்தியானம்

"உங்க ஊட்டுக்காரரு ஏரோப்ளேன் ஓட்டறவராமா, தெனமும் பறப்பாருங்களா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பால் சொசைட்டியில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு நான் கிடந்தபோது டாக்டரம்மாவும் கேட்டார். தினமுமா? கிழிஞ்சுது போங்க. வருஷத்தில் நாலு தடவை பறந்தால் எங்களுக்கு அது நல்ல வருஷம்.

அவர் விவசாயி. மலையாள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் படித்து லைசென்ஸ் எடுத்தார். சம்பளத்துக்கு ஓட்டுகிற லைசென்ஸ் இல்லை, சொந்த ஆசைக்கு ஓட்டுவது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உள்ள ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறந்துவிட்டு வருவார். பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது நான்தான். அவர் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டுமே, அதற்காகவே அத்தனையும் நானும் படித்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

லைசென்ஸ் கையில் வந்ததும் வாரா வாரம் பறக்கப் போவதாகத்தான் சொன்னார். நடக்க வேண்டுமே! ஆனியிலும் ஆடியிலும் மழை. மழை விட்டால் விமானம் ரிப்பேரில் நிற்கும். விமானம் சரியானால் கூட உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டிய பயிற்சியாளர் ஊருக்குப் போயிருப்பார். அவர் வந்தால் இவருடைய மெடிக்கல் சர்ட்டிபிகேட் காலாவதியாகியிருக்கும். எல்லாம் ஒருவழியாகச் சேர்ந்து வருகிற அன்றைக்குப் பங்காளி வீட்டில் யாராவது செத்துப்போவார்கள். துக்கம் விசாரிக்காமல் வானத்தில் சுற்றினான் என்ற பேச்சு யாருக்கு வேண்டும்?

அப்படி அபூர்வமாகப் பறப்பதாலேயே ஒவ்வொரு தடவையும் திருவிழாவாகிவிடும். என்றைக்குப் பறக்கிறார் என்று ஊருக்கே தெரியும். கோயில் மேல போயிட்டு வா, என் தோப்பு மேலயும் ஒருக்கா வா என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். பழக்கம் விட்டுப்போன கைக்கு இத்தனை பேர் ஆசையையும் சேர்த்துச் சுமக்கிற தெம்பு இருக்குமா என்று ஒருவரும் நினைத்ததில்லை.

போன தையில் பட்டிப்பொங்கல் அன்றைக்குப் பறப்பதாக ஏற்பாடு. மழைக்கு முன்னால் பறந்தவர், அதற்கப்புறம் மாசக்கணக்கில் விமானத்தைத் தொடவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் போய், பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தார். அவ்வளவுதான் பழக்கம். பட்டிப்பொங்கலன்றைக்குத் தனியாக வருகிறார். என் மாமனாரின் தம்பி, நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நம்ம ஊட்டு மேல வந்து சுத்தோணும் பாத்துக்க. சாதி சனம் பூராவும் வந்திருக்கும்."

அன்று காலையில் என் வீட்டுக்காரர் காரை எடுத்தபோதே காற்று எழுந்துவிட்டது. கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் கணவாய் வழியாக வீசுகிற கிழக்குக் காற்று. மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள். கதவைப் படார் படாரென்று அடித்துச் சாத்தும். "ஏனுங்க, இந்தக் காத்துல போகோணுமா?" என்றேன். "மேல போயிட்டா ஒண்ணும் தெரியாது புள்ள" என்றார். மேலே போனால் சரி. மாடியில் நிற்கிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டுமென்றால் கீழே அல்லவா வர வேண்டும்?

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். காயப்போட்டிருந்த கொப்பரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வீடு அடையாளம் தெரியட்டும் என்று சின்ன மாமா ஒரு மஞ்சள் தார்ப்பாயை விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தார். தேவிகுளத்தில் சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கிற என் அண்ணனும் பொங்கலுக்கு வந்திருந்தான். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய அம்மா, முழங்கால் வலிக்காரியான என் அத்தை மட்டும், மகன் வந்துட்டான்னு சொல்லுங்க, ஏறி வர்றேன் என்று கீழேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்று அழகாகத்தான் இருந்தது. கிழக்கிலிருந்து வந்தார், இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒரே கூச்சல், விசில். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். சின்ன மாமா துண்டைக் கழற்றிச் சுழற்றினார். "கீழ வா! இன்னுங் கொஞ்சம் கீழ வாடா!" என்றார். மேலே இருந்தவருக்குக் கேட்டதோ இல்லையோ, இரண்டாம் சுற்றில் கீழேதான் வந்தார். தென்னை மட்டைக்கு மேலே கொஞ்சந்தான் இடைவெளி.

"மதினியைக் கூப்பிடுங்க! இவன் போயிருவான்!" என்று சின்ன மாமா கத்த, அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார். விமானம் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பியது.

அந்தத் திருப்பத்தில்தான் கவனித்தேன். வீட்டைக் கண் பார்வையிலிருந்து விட்டுவிடக் கூடாதென்று வளைவைக் குறுக்கிக்கொண்டே வந்தார். ஒரு பக்க இறக்கை நேராகத் தரையைப் பார்த்தது. மூக்கு மேலே தூக்கியிருந்தது. எஞ்சின் சத்தம் குறைந்திருந்தது. பின்னாலிருந்து காற்றுத் தள்ளும்போது, கீழே பார்த்தால் வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். அதை நம்பி வேகத்தைக் குறைத்து, வளைவையும் குறுக்கினால், இறக்கை தாங்காமல் விமானம் அப்படியே விழும். தாழ்வாக இருந்தால் எடுத்து நிமிர்த்த இடம் இருக்காது. இந்தக் கேள்வியை நான் எத்தனை ராத்திரி அவரிடம் கேட்டிருக்கிறேன்! ஒரு தடவை கூடத் தப்பாகச் சொன்னதில்லை அந்த மனுஷன்.

சுற்றிலும் கைதட்டல். அத்தனை பேரில் எனக்கு மட்டும் அது சாவு வருகிற வழி என்று தெரிந்தது. போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தார். கையை அசைத்துப் போ போ என்றேன். மேலேயிருந்து பார்க்கிறவருக்குப் போ என்பதும் வா என்பதும் ஒன்றுதானே! எல்லாரும் கையை அசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம்தான் புரிந்தது. பார்க்க ஆள் இருக்கும் வரைக்கும் இவர் போக மாட்டார்.

"எல்லாரும் கீழ எறங்குங்க!" என்றேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரு புள்ள" என்றார் சின்ன மாமா. அந்த வீட்டில் மருமகள் சொல்லி எதுதான் நடந்திருக்கிறது? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்: "தேனீ! தேனீ கெளம்பிருச்சு! ஓடுங்க!"

எங்கள் ஊரில் மலைத்தேனீ என்றால் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். தென்னையில் ஏறின ஆளைக் கொட்டிக் கொன்ற கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் படியைப் பார்த்து ஓடினார்கள். "எங்க அம்மிணி? ஒண்ணையும் காணமே?" என்றான் அண்ணன். "அவரு உழுந்துருவாருண்ணா, எல்லாரையும் எறக்கு!" என்றேன். கடைசிப் படிக்கு வந்திருந்த அத்தையை அப்படியே தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு போனான். "எம்பையன் மூஞ்சிய நான் இன்னும் பாக்கலையே!" என்று அத்தை அழுதது கேட்டது.

நான் செங்கல்லைக் காலால் தள்ளித் தார்ப்பாயைச் சுருட்டினேன். விமானம் மறுபடியும் தோப்புக்கு மேலே தெரிந்தது. என் ஒருத்தியைக் கண்டாலும் அவருக்குப் போதும், இன்னொரு சுற்று வருவார். நானும் இறங்கிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அதற்கப்புறம் பார்க்க முடியாது, சத்தம்தான். வந்தது. கூரை அதிர்கிற மாதிரித் தலைக்கு மேலே வந்தது. பிறகு நின்றுபோன மாதிரி இருந்தது. காற்று கொண்டுபோனதா, எஞ்சின் ஓய்ந்ததா, தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, கடவுளே கடவுளே என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. அப்புறம் தூரத்தில், முழு வேகத்தில், ஏறிப்போகிற சத்தம் மெலிதாகக் கேட்டது. அது எங்கள் விமானம்தானா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன்.

கீழே எனக்கு நல்ல மரியாதை. "தேனீ எங்க? என்ற வயசுக்கு என்னைய ஓட உட்டுட்டா பாரு" என்று சின்ன மாமா குதித்தார். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அது அடித்தபோது நழுவவிட்டுவிட்டேன். அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"எறங்கிட்டேன்" என்றார். அடுத்த வார்த்தையே, "ஏம்புள்ள, திரும்பி வந்து பாத்தா மாடில ஒரு ஈ காக்கா இல்ல. வருசத்துக்கு ஒருநாள் வர்றேன், அதுக்குள்ள அலுத்துப்போச்சா?" குரல் உடைந்திருந்தது. அவ்வளவு வருத்தம் மனுஷனுக்கு.

பொழுது சாய வீட்டுக்கு வந்தார். நடு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேன், "ஊதல் அடிச்சுதுங்களா?" வேகம் போதவில்லை, விழப்போகிறாய் என்று விமானமே ஊதி எச்சரிக்கும். அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"அடிச்சுது. கடைசி ரெண்டு சுத்துலயும் அடிச்சுது" என்றார். "மாடில எல்லாரும் தெரியறாங்க, அம்மாவ மட்டும் காணோம். அம்மா வந்து பாக்கற வரைக்கும் சுத்தலாம்னு..."

அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சின்ன மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை, அழுதேன். அழுது முடித்துச் சொன்னேன்: "பறக்காதீங்கன்னு சொல்ல மாட்டனுங்க. மாசா மாசம் போங்க, கை பழகட்டும். ஆனா என்னைக்குப் போறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எனக்கும் சொல்லக் கூடாது."

சொன்னபடியே நடக்கிறார். இப்போது அடிக்கடி பறக்கிறார் என்று கிளப் ஆட்கள் மூலம் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனும் என்னிடம் நாளைச் சொல்வதில்லை. உரம் வாங்க, மோட்டாருக்குக் காயில் கட்ட, கிளப் இருக்கிற கோயமுத்தூர்ப் பக்கம் அவருக்கு எத்தனையோ வேலை. "போயிட்டு வர்றேன் புள்ள" என்பார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

முன்பு வருஷத்தில் நாலு நாள் பயந்தால் போதும். இப்போது அவர் காரை எடுக்கிற நாளெல்லாம், திரும்பி வந்து சோற்றுக்கு உட்காரும் வரைக்கும் எனக்கு வாயில் ஒரு பருக்கை இறங்குவதில்லை.