என் பேரில் இருக்கிற பூ

பூவம்மா என்று ஒருத்திக்குப் பேர் இருந்தால் எந்தப் பூ என்று யாரும் கேட்பதில்லை. என் நாலாம் வகுப்பு டீச்சர் கேட்டார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் எஸ்டேட் பள்ளிக்கு வந்தவர் அவர். ஆண்டு விழாவில், பூவின் பேர் வைத்த பெண் பிள்ளைகள் எல்லாம் அவரவர் பூவோடு மேடையேறி அந்தப் பேர் வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்றார். மல்லிகை, தாமரை, செண்பகம் மூன்று பேரும் உடனே எழுந்து நின்றார்கள்.

"உம்பட பேருல இருக்கறது எந்தப் பூவுன்னு ஊட்டுல கேட்டுட்டு வா கண்ணு" என்றார் என்னிடம். தாமரைக்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே மேடையேறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மா முதுகிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டே, "தேயிலைப் பூ" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

அழாமல் என்ன செய்வது? கொழுந்தை ஒழுங்காகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் தேயிலைச் செடி பூக்காது. பூத்தால் அந்த நிரைக்காரி வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று அர்த்தம். நிரை என்பது ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுத்த செடி வரிசை. வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக அது பார்க்க அழகுதான். ஆனாலும் அந்தப் பூவைக் கண்டால், எங்கள் பெண்களை வேலை வாங்கும் கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதை ஒருத்தியும் தலையில் வைத்து நான் பார்த்ததில்லை.

அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் கதையைச் சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது அவள் போடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். பேறுகாலம் சிக்கலாகி, எழுந்து நடமாட நாலு மாதம் ஆகிவிட்டது. இனி அவள் வரமாட்டாள் என்று கங்காணி அவள் நிரையைத் தன் சொந்தக்காரிக்குக் கொடுக்கப் பார்த்தார். கூட வேலை செய்த பெண்கள் விடவில்லை. சொந்தக்காரியையும் மிரட்டி வைத்தார்கள். கங்காணி யாரைக் கூப்பிட்டுக் கிள்ளச் சொன்னாலும், "எங்க நிரையே முடியலையே" என்று ஒரே பதில். இரண்டு பக்கமும் செடிகள் மேசை போல மட்டமாக இருக்க, அம்மாவின் நிரை மட்டும் தோள் உயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நின்றது.

அன்றைய துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர் அதைக் கண்டு கத்தினாராம். "நிரைக்காரி பிள்ளை பெறப் போயிருக்கா தொர. வந்து கொழுந்து எடுப்பா" என்றார்கள் பெண்கள். துரை அவளை உடனே கூட்டி வரச் சொல்லிவிட்டார். நிரையைப் பறிக்கப் பார்த்த கங்காணியே போடிக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

"அந்தப் பூவுதானே என் இடத்தைக் காப்பாத்திச்சு. ஒனக்கு வேற என்ன பேரு வைக்க?" என்றவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மேடையில இதைச் சொல்லிராத. இன்னைக்கும் அதே கங்காணிதான் எனக்கு மேல நிக்காரு. நாளைக்கே என்னைய செங்குத்துக் காட்டு நிரைக்குத் தள்ளிருவாரு. மல்லிப்பூன்னு சொல்லிரு."

மல்லிகைக்குத்தான் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாளே. அதுவும் போக, இவ்வளவு பெரிய கதையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓடைக்கரையில் யாருக்கும் கை எட்டாத தேயிலைச் செடி ஒன்று பூத்து நின்றது. முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு பூப் பறித்தேன்.

விழாவில் புதுத் துரை முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் கங்காணி. அம்மா கடைசியில், தன் கூட்டத்தோடு நின்றாள். நான் பூவைத் தூக்கிக் காட்டியதும் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் ஒன்று விடாமல் சொன்னேன். கங்காணி யார் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பிவிட்டது.

ஆபீஸ் கிளார்க் துரையின் காதில் மொழிபெயர்த்துச் சொன்னார். துரை சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார். கிளார்க் அதைத் தமிழில் என்னிடம் கேட்டார்: "இப்பவும் உங்க அம்மா நிரையில பூ இருக்கா?"

"இல்ல தொர. எங்கம்மாதான் வந்துட்டாகளே."

துரை சிரித்துக் கை தட்டினார். பின்னால் அம்மாவின் கூட்டம் விசில் அடிக்காத குறைதான். கங்காணியும் வேறு வழியில்லாமல் தட்டினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை அவள் பின்னாலேயே நானும் போனேன். வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் அம்மா முதல் ஆளாகப் போய் நின்றாள். என்னிடமிருந்து வாங்கி வைத்த அந்த இரண்டு பூவும் அவள் கொண்டையில் இருந்தன. கங்காணி பூவைப் பார்த்தார். பிறகு அவள் பேரைக் கூப்பிட்டு, அவளுடைய அதே நிரைக்குப் போகச் சொன்னார்.