பின்பக்கமாக ஜெயித்த வண்டி

எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு வந்த கோபம் போல அதற்குப் பிறகு ஒரு கோபம் வரவில்லை.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு விளையும் மலைக் கிராமம். அங்கே ஐந்தாவதுக்கு மேல் பள்ளி இல்லாததால் கீழே கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். அந்த வருஷம் சயின்ஸ் வாத்தியார் மதராசிலிருந்து சின்னச் சின்ன மோட்டார்கள் வாங்கி வந்தார். பேட்டரியில் ஓடும் கார் செய்து பந்தயம் விட வேண்டும். பையன்கள் செய்வார்கள், பெண்கள் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். மிஞ்சிய ஒரு மோட்டாரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

பிஸ்கட் டின்னை வெட்டி உடம்பு, நூல்கண்டுக் கட்டையை அறுத்துச் சக்கரம். விரலெல்லாம் தகரக் கீறல். பந்தயத்தன்று பள்ளி வராந்தாவில் போட்ட கோட்டில் வைத்து வயரைத் தொட்டுப் பார்த்தால், சக்கரம் பின்னால் சுற்றுகிறது. அவசரத்தில் வயரை மாற்றிக் கட்டியிருக்கிறேன். பிரித்துக் கட்ட நேரமில்லை. வாத்தியார் விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் வண்டியைத் திருப்பி, பின்பக்கம் முன்னால் இருக்கும்படி வைத்தேன்.

வராந்தாவின் மறுமுனையை என் வண்டிதான் முதலில் தொட்டது. ஓட்டல்காரர் மகனுடையது நான்கு முழம் பின்னால் வந்தது.

“வண்டின்னா மூஞ்சி முன்னால போகணும். இது செல்லாது” என்றார் வாத்தியார்.

“வத்தலக்குண்டு ரோட்ல எதிர்ல பஸ் வந்தா லாரி பின்னாலயே போகுதே சார். அது வண்டி இல்லையா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. அப்போதுதான் வராந்தா ஓரத்தில் அப்பா நிற்பதைக் கண்டேன். பந்தயம் பார்க்க மலையிறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கைகூப்பினார். “சின்னப்புள்ள, தெரியாமப் பேசிருச்சு. மன்னிச்சுக்கிருங்க சார்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார்கிட்ட மன்னிப்புக் கேளு தாயி.”

“நான் என்ன தப்புச் செஞ்சேன்?”

“கேளுன்னா கேளு.”

கேட்டேன். பரிசாக வைத்திருந்த பேனாப் பெட்டி ஓட்டல்காரர் மகனுக்குப் போயிற்று. பெரியம்மா வீட்டுக்கு நடக்கும்போது, அப்பா பார்க்கவே வண்டியைக் கல்லில் அடித்து நசுக்கினேன். அவர் தடுக்கவில்லை. பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனபோதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊரில் எட்டாவது தாண்டிய பெண் அதுவரை ஒருத்தியும் இல்லை. மேலே படிக்க வேண்டுமென்றால் மலைக்குக் கீழே ஹாஸ்டலில்தான் சேர வேண்டும். அதற்கு வாத்தியார் ஒருவர் நன்னடத்தைக் கடிதம் எழுதித் தர வேண்டும். அதை அந்த சயின்ஸ் வாத்தியாரிடம் கேட்கத்தான் அப்பா அன்று வந்திருந்தார். ஜூன் மாதம் நான் ஹாஸ்டலில் சேர்ந்தேன். வாத்தியார் மேல் கோபம் இன்றும் இருக்கிறது. அது நியாயமான கோபம். ஆனால் ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “போய்ட்டு வரேன் தாயி” என்று அப்பா சொன்னபோதும் நான் பதில் பேசாமல் உள்ளே போனேன். அந்தக் கடிதம் என்ன விலைக்கு வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.