சாமி, ஐயரே, டேய்

காலை ஏழு மணி பத்து நிமிஷம். அச்சகத்து வாசலில் நான் முதலில் பார்த்தது ஐயரின் செருப்பை. எட்டு மணிக்கு முன்னால் அது அங்கே கிடந்து நான் பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். ஐயர் அங்கே புரூஃப் பார்ப்பவர். வயது ஐம்பத்தெட்டு. இடது கண்ணில் புரை. இந்த வேலை போனால் வேறு எந்த அச்சகமும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின நாள் நான் ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். கடைத்தெருவில் ஒரு காப்பி கிளப்பில் பிராமணர்களுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தார்கள், அதைப் பற்றியது. 'பிராமணர்' என்றுதான் எழுதியிருந்தேன். முதலாளி பதினோரு இடத்திலும் அதை அடித்து 'பார்ப்பனர்' என்று போட்டார். இனி நம் பத்திரிகையில் இதுதான் சொல் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்.

எங்கள் அச்சகத்தில் ஐயர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அச்சுத்தாளில் விரல் வைத்துப் பின்தொடர்வார். கடைசியில் ஐயர் கையெழுத்துப் போட்டால்தான் தாள் மிஷினுக்குப் போகும். அந்தச் சொல் பதினோரு தடவையும் அவர் வாயால்தான் வர வேண்டும்.

முதலாளியும் தமிழர்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் 'ஐயா'. நான் உள்ளே போனபோது ஐயர் அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"பழைய நூல்ல எல்லாம் இருக்கற சொல்தானே ஐயரே? மரியாதையாத்தானே இருக்கு?"

"நூல்லே மரியாதைதான். கூட்டத்திலே பேசறவா நூலைப் பார்த்துண்டா சொல்றா?"

"வாசிக்க முடியலைன்னா சொல்லிடுங்க. சனிக்கிழமையோட நின்னுக்கலாம்."

ஐயர், "வாசிக்கறேன். ஆனா இங்கே உள்ளே என்னை யாரும் அப்படிக் கூப்பிடப்படாது. அதை முசியே சொல்லிடணும்" என்றார்.

முதலாளி எழுந்து வந்து எல்லோரிடமும் சொன்னார். மிஷின்காரர் டிரெடில் அச்சு மிஷினை மிதிப்பதை நிறுத்தினார். பிள்ளைச்சாவடி மீனவர் குடும்பம். ஐயரைவிட நாலு வயது இளையவர், பேரன் எடுத்தவர்.

"நான் எங்க அப்படிக் கூப்ட்டேன்? ஒம்பது வருசமா சாமின்னுதான கூப்புடுறேன். சாமி என்னை எப்படிக் கூப்புடுதுன்னும் ஒரு வாட்டி கேளுங்க முசியே."

"டேய்னுதான்" என்றார் கம்பாசிட்டர். அவர் கத்தோலிக்கர், கோயில் பாதிரியாரைச் சாமி என்பவர் என்பதால் ஐயரை ஐயரே என்று மட்டும் அழைப்பார். "ஞாயித்துக்கிழமை மட்டும் அதுக்கு லீவு."

நாங்கள் சிரித்தோம். ஐயர் சிரிக்கவில்லை. மிஷின்காரரும் சிரிக்கவில்லை. அந்த 'டேய்' என் காதிலும் தினமும் விழுந்துகொண்டுதான் இருந்தது. கடைத்தெரு அறையைக் குறித்துக்கொண்டு வந்தவன், அதைக் குறித்துக்கொண்டதில்லை.

"இத்தனை வருஷமா நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஐயர்.

"சாமிகிட்ட எப்படிச் சொல்றது?"

முதலாளி இதற்கு ஒரு உத்தரவும் போடவில்லை. தன் அறைக்குப் போய்விட்டார்.

ஐயர் உட்கார்ந்து பிரதியை எடுத்தார். எல்லா நாளும் வாசிக்கிற அதே குரல். அந்தச் சொல் வந்த இடத்தில் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆறாவது தடவைக்குப் பிறகு தன் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். கம்பாசிட்டர் தலை நிமிராமல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். இரண்டு பிழைகள் அகப்பட்டன. இரண்டும் வேறு சொற்களில். திருத்திக் கையெழுத்துப் போட்டு, தாளை மிஷின் பக்கம் நீட்டினார். 'டேய்' வரவில்லை. மிஷின்காரர் வாங்கிக்கொண்டார். வழக்கமாக 'சரி சாமி' என்பார்; அதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் அங்கே இருந்தேன். ஐயர் வேலையில்தான் இருந்தார். தாள் வேண்டுமென்றால் மேசையை இரண்டு தடவை தட்டுவார். மிஷின்காரர் கொண்டுவந்து வைப்பார்.