எக்ஸ்சேஞ்ச் சாரின் இரண்டு ரிங்

என் வீட்டுப் புத்தக அலமாரியில், புத்தகங்களுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற மேஜை போன் இருக்கிறது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய பொருள் சேர்க்கிற பழக்கம் எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு, எங்கே வாங்கியது என்று விசாரிக்கிறார்கள். அப்படியொன்றும் பழையதில்லை, எத்தனையோ அலுவலகங்களில் இன்றைக்கும் இதே போன் இருக்கிறது. தலைகீழாகத் திருப்பினால் அடியில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய துண்டுக் காகிதம் ஒன்று தெரியும். நீல மையில், சிரத்தையான கையெழுத்தில், ஒரு பாஸ்வேர்டு. "மறந்துட்டீங்கன்னா என்னைத் தேட வேணாம் மேடம், போனைத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லி ஒருவர் எனக்காக ஒட்டி வைத்தது. அந்தப் பாஸ்வேர்டை வைத்து நான் அவருக்கு என்ன செய்தேன் என்று கேட்டவர்களில் யாருக்கும் சொன்னதில்லை.

ஹைதராபாத்தில், மல்லாபூரில் ஒரு தொழிற்சாலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் ஷெட்கள். அங்கே போன்களையெல்லாம் பார்த்துக்கொண்டவரை முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் சார் என்றே கூப்பிட்டார்கள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். செகந்திராபாத் தமிழர். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவக் கிடங்கில் வேலைக்கு வந்தவராம். வீட்டில் பேசும் தமிழ் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ், அதில் ஊரின் உருது தாராளமாகக் கலந்திருக்கும். கோவில்பட்டியிலிருந்து வந்த எனக்கு முதல் வாரம் பாதி புரியவில்லை. தான் தமிழில் கேட்டால் பத்தாவது படிக்கிற மகள் தெலுங்கில் பதில் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டே குறைபட்டுக்கொள்வார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

கேன்டீனை ஒட்டிய சின்ன அறையில், ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில்தான் அவருடைய எக்ஸ்சேஞ்ச் ஓடியது. யார் வேண்டுமானாலும் எடுத்து, உள்ளே திறந்து பார்த்து, தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. அவர் வருடக்கணக்காக அதைத் தன் தொழிற்சாலையின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தார். எந்த ஷெட்டில் யார் சாப்பாட்டு நேரத்தில் இருக்க மாட்டார்கள், எந்த போன் மழை பெய்தால் கரகரக்கும் என்பதெல்லாம் அந்த ஃபைலில் வரி வரியாக இருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறிப்பு. பிரஸ் ஷெட் பகுதியில் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்த குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம்: "இங்கே ரிங்தான் பேச்சு. கை வைக்காதீர்கள்."

அந்த ஷெட்களில் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது, பிறகு போனில் எங்கே பேசுவது? அதனால் தொழிலாளர்களே ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். யாருக்காவது அடிபட்டால் ரிசீவரை எடுத்து முதலுதவி அறைக்குப் போட வேண்டும், இரண்டு ரிங் போனதும் வைத்துவிட வேண்டும். அங்கே திரையில் 'பிரஸ் 3' என்று எந்த ஷெட் என்பது தெரியும். நர்ஸம்மா போனை எடுக்கவே மாட்டார், பையை எடுத்துக்கொண்டு ஓடுவார். நாடு முழுக்க மிஸ்டு கால் கொடுத்துக் காரியம் சாதிக்கிற ஜனங்கள் கண்டுபிடித்த வழி. எக்ஸ்சேஞ்ச் சார் அதைக் கேலி செய்யாமல், அதற்கேற்றபடி தன் மென்பொருளை எழுதிக்கொண்டார். நான் கேலி செய்தேன்.

நிர்வாகம் பெரிய நிறுவனம் ஒன்றின் கிளவுட் தொலைபேசிச் சேவையை வாங்கியது. கூட்டம், வீடியோ, போன் எல்லாம் ஒரே செயலியில். அலுவலகமும் முதலுதவி அறையும் அதற்கு மாறும், ஷெட் போன்கள் பழைய எக்ஸ்சேஞ்சிலேயே இருக்கும், இரண்டையும் இணைக்க வேண்டும். அந்த வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது, என்னிடம் கொடுத்தார்கள். இணைப்பு முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் சார் தேவைப்படுவாரா என்று பார்த்து முடிவு செய்யப்போவதாக நிர்வாகம் அவரிடமே சொல்லியிருந்தது. அது தெரிந்தும் மனிதர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. தன் பெயரிலேயே நான் உள்ளே போகும்படி பாஸ்வேர்டை எழுதி, அறையிலிருந்த சாம்பல் நிற போனுக்கு அடியில் ஒட்டினார். மதியம் தன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பைப் பாதி எனக்குத் தள்ளினார். தன் வேலை போவதற்கான குழியைத் தோண்ட வந்தவளுக்குச் சோறு போடுகிறாரே என்று நான் ஒருநாள் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அவருடைய மென்பொருள் கதவு திறந்த வீடு, இவர்களுடையது பூட்டிய வீடு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, அவர்கள் சொல்கிற முறைப்படி வாசலில் நின்று பேசலாம். அந்தச் சேவைக்கு மூன்று இலக்க ஷெட் எண்கள் பிடிக்கவில்லை. நாட்டின் குறியீட்டோடு தொடங்கும் முழு எண்ணாக இல்லாத எதையும் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனியாக ஒரு மாற்று எழுதியிருக்கலாம், இரண்டு நாள் வேலை. எனக்கு அந்த இரண்டு நாள் இல்லை, அல்லது இல்லை என்று நினைத்தேன். ஷெட்களிலிருந்து போகிற எல்லா அழைப்புக்கும் தொழிற்சாலையின் ஒரே மெயின் நம்பரைப் போட்டுவிட்டேன். ஒரு வரி. ஃபைல் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று குறிப்புகளையும் நீக்கினேன்.

அவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். "ஹவ் மேடம், உங்களுது பெரிய கம்பெனி, ஒத்துக்கறேன். ஆனா எந்த ஷெட்டுன்னு தெரியலன்னா நர்ஸம்மா எங்கேன்னு ஓடுவாங்க? இப்படி நக்கோ. கைக்கு இவ்ளோ அவசரம்?" என்றார். அந்த ஊர் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. இன்னொன்றும் சொன்னார்: செயலி நாலைந்து விநாடி தாமதித்துத்தான் ஒலிக்கிறது, அதற்குள் இவர்கள் இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுவார்கள். நான் என் நோட்டைத் திறந்து, 'ஷெட் எண் தெரிய வேண்டும், இரண்டு ரிங், இரண்டாம் கட்டம்' என்று எழுதி அவரிடம் காட்டினேன். அவர் எழுத்தில் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. வாயால் சொன்னதே போதும் என்று நினைக்கிறவர். முதல் மாதம் எக்ஸ்சேஞ்சில் யாரும் எதையும் மாற்றக்கூடாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி அவருடைய கையையும் கட்டிப்போட்டேன்.

பரிசோதனை நாளில் ஒவ்வொரு ஷெட்டாகப் போய், இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, "ஹலோ, கேட்குதா?" என்று பேசிப் பார்த்தேன். எல்லாம் கணீரென்று கேட்டது. அங்கே யாருமே செய்யாத ஒரு காரியத்தைச் செய்துபார்த்து, தேறியது என்று குறித்துக்கொண்டேன். இனி போனை வைக்காமல் பேசித் தகவல் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பைக் கேன்டீன் பலகையில் ஒட்டினோம். கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ஒரு போனும் ஒரு மேகமும் வரைந்திருந்தது. கத்தியை எக்ஸ்சேஞ்ச் சார் கையில்தான் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். அவர் மேகத்தைச் சுற்றி வெட்டி, முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம், ஒரு முற்பகலில், மூன்றாம் ஷெட்டில் ஒரு தொழிலாளியின் விரல் பிரஸ்ஸில் போய்விட்டது. கூட இருந்தவர் ஓடிப்போய் ரிசீவரை எடுத்து இரண்டு ரிங் கொடுத்து வைத்தார். வழக்கப்படி காத்திருந்தார். மறுபடி இரண்டு ரிங். முதலுதவி அறையில் செயலி ஒலிக்கவில்லை. மெயின் நம்பரிலிருந்து மிஸ்டு கால் என்று திரையில் இரண்டு வரி மட்டும் வந்தது. வெளியிலிருந்து வருகிற விற்பனை அழைப்புகளும் அதே எண்ணில்தான் வரும் என்பதால் நர்ஸம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் யாரோ நேரில் ஓடிவந்து கூட்டிப்போனார்கள். கொஞ்சம் முன்னால் ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் விரலைச் சேர்த்திருக்கலாம் என்றாராம் டாக்டர். நர்ஸம்மா எல்லோரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: மெயின் நம்பர் மட்டும் வந்தால் கூப்பிட்டது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மேலாளர் என்னை அழைத்து, "நம்ம பக்கம் தப்பு இல்லைன்னு மட்டும் எழுதிக் கொடும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். எழுதினேன். கோளாறு உள்ளூர் எக்ஸ்சேஞ்சில் செய்யப்பட்ட எண் மாற்றத்தால் ஏற்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியபோது அது பொய்யாகக்கூடத் தெரியவில்லை. அந்த மாற்றம் இருந்தது அவருடைய கம்ப்யூட்டரில்தானே? பதிவேட்டில், இந்த வரியை மாற்றியவர் என்ற இடத்தில் இருந்ததும் அவர் பெயர்தான். அவர் பாஸ்வேர்டில் உள்ளே போனது நான் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். என் நோட்டில் நான் எழுதிய அந்த ஒற்றை வரி இருந்தது. நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நாளைக்கு என்னைக் கேப்பாங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை, இவரு அன்னைக்கே சொன்னாருன்னு, அவ்ளோதான். வேலை போனா போகட்டும்னு சொல்ற நெலமை எனக்கு இல்ல. என் ரூம்லேர்ந்து ரெண்டு ரிங் கொடுக்கறேன், வந்துடுங்க." சரி சார் என்றேன். கச்சிபௌலியில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து மல்லாபூருக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நான் இணைத்துக்கொடுத்த அதே செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விசாரணை அறையின் திரையில் என் முகம் தெரியும்.

காலை பதினொரு மணி இருக்கும். என் போன் ஒலித்தது. இரண்டு ரிங். நின்றது. நர்ஸம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் திரையில் தொழிற்சாலையின் மெயின் நம்பர் மட்டும் வந்திருந்தது. இந்த மெயின் நம்பரில் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம், யார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நர்ஸம்மாவுக்கு உண்மையாகவே தெரியாது. எனக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து மறுபடி இரண்டு ரிங் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த மாத இறுதியில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் என் மொபைல் எண்ணை மாற்றிக்கொண்டேன்.

பிறகு இரண்டாம் கட்டம் வந்தது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனி எண் தெரியும்படி எழுதினேன், எவ்வளவு சின்ன அழைப்பாக இருந்தாலும் முதலுதவி அறையில் மணி அடிக்கும்படி செய்தேன். சரியாக இரண்டு நாள் பிடித்தது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதைச் சட்டம் போட்டு என் அம்மா கோவில்பட்டி வீட்டில் மாட்டியிருக்கிறாள். கிளம்புகிற அன்றைக்கு, காலி செய்து வைத்திருந்த கேன்டீன் பக்கத்து அறையிலிருந்து நர்ஸம்மா இந்த சாம்பல் நிற போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார்தி. மீரே உஞ்சுகோண்டி" என்றார். சாருடையது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதைத் திருப்பிப் பிடித்து, அடியிலிருந்த காகிதம் எனக்குத் தெரிகிற மாதிரிதான் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இந்தப் போனைக் கையில் எடுத்தேன். நீல மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. என்ன தோன்றியதோ தெரியாது. அவருடைய எண் என்னிடம் இன்னும் இருந்தது. அவருக்குத் தெரியாத என் புதிய எண்ணிலிருந்து அழைத்தேன். இரண்டு ரிங் போனதும் பயந்துபோய்த் துண்டித்துவிட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்ப அழைப்பு வந்தது. எடுத்தேன். பின்னால் ஏதோ பஸ் ஸ்டாண்டுச் சத்தம். குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது, ஆனால் அவர்தான். யாரென்று தெரியாததால் தெலுங்கில் பேசினார்.

"ஹலோ, ரெண்டு ரிங்குலு ஒச்சாயி. எக்கடிக்கி ராவாலண்டி?"

இரண்டு ரிங் வந்தது, எங்கே வர வேண்டும் என்று கேட்டார். யார் என்று கேட்கவே இல்லை.