மைக்ரோவேவ் சென்சார் பிடித்த ஆள்

பூட்டிய கிடங்குக்குள் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று ஒரு முறை அடித்துச் சொன்னேன். உள்ளே ஒரு பூனைகூட இல்லை. பல வருடமாகத் திருட்டு அலாரம் மாட்டிப் பிழைப்பவன் என்பதால் என் பேச்சை நம்பினார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னை நம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

1. வெயிலுக்குத் தோற்ற சென்சார்

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் வைக்கும் தகரக் கூரைக் கிடங்கு அது. முதலில் பிஐஆர் சென்சார்தான் மாட்டியிருந்தேன். அது உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்கடியில் சுவர், ரேக், மனிதன் எல்லாம் ஒரே சூடு. அதன் முன்னால் நடந்தேன், குதித்தேன், கையை வீசி ஆடியும் காட்டினேன். சென்சார் என்னைச் சட்டை செய்யவில்லை. வீட்டில் பழகியதுதான்.

மைக்ரோவேவுக்கு மாறினேன். இது அலையை அனுப்பும். திரும்பி வரும் அலை மாறியிருந்தால் ஏதோ அசைகிறது என்று அர்த்தம். வெயில் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு பெரிய கிடங்குக்கு நாலைந்து போதும். மெல்லிய பலகைத் தடுப்புக்கு அப்பாலும் பார்க்கும். அது வரமா சாபமா என்பது அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கே கழிவறை இருந்தது. செக்யூரிட்டி அந்தோணி அவசரத்துக்கு ஒதுங்கும்போதெல்லாம் சைரன் ஊரைக் கூட்டியது. ரேஞ்சைக் குறைத்து மானத்தைக் காப்பாற்றினேன்.

2. பூஜை விடுமுறை

ஆயுத பூஜையன்று அங்கே ஃபோர்க்லிஃப்ட் முதல் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சர்வீஸுக்காக ஏணியோடு போன என்னை யார் சும்மா விடுவார்கள்? தோரணம் கட்ட நானும் ஒரு கை கொடுத்தேன். சுண்டல் நன்றாக இருந்தது.

மறுநாள் விடுமுறை. கிடங்கைப் பூட்டி அலாரத்தை ஆன் செய்தார்கள். காலையிலிருந்து சைரன் விட்டுவிட்டு அலறியது. மேனேஜர் வரதராஜன் போன் செய்தார்.

"என்ன சார், உங்க மிஷின் பொய் சொல்லுதா?"

"பிஐஆர்னா யோசிக்கலாம் சார். இது மைக்ரோவேவ். உள்ள கண்டிப்பா ஆள் இருக்கு."

சாவி அந்தோணியிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். அதற்குள் கேட்டில் வரதராஜன் விசாரணையைத் தொடங்கியிருந்தார்.

"யாரை உள்ள விட்டீங்க அந்தோணி? இப்பவே சொன்னா வேலையோட போகும். இல்லேன்னா போலீஸ்தான்."

"மாதா மேல சத்தியம் சார், ஈ காக்கா உள்ள போவல. சாவி என் இடுப்புலயேதான் கீது. எங்க ஊரு மண்ணூர்ல வந்து கேளு சார், என்னைப் பத்தி!"

அந்த நேரம் பார்த்து சைரன் மறுபடியும் அலறியது.

"ஆள் உள்ளயே மாட்டிக்கிட்டான்!" என்றார் வரதராஜன். கையில் இரும்புக் கம்பியோடு அவர் முன்னால், சாவியோடு அந்தோணி நடுவில், நிபுணன் என்ற முறையில் நான் பாதுகாப்பாகக் கடைசியில். ரேக் ரேக்காகத் தேடினோம். யாருமில்லை.

"எல்லாரும் அசையாம நில்லுங்க" என்றேன். மூச்சுகூட விடாமல் நின்றோம். அசைவைக் கண்டால் மின்னும் சென்சாரின் சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெளிக்காற்றில் தானே சுழலும் கூரைக் காற்றாடிக்குக் கீழே ஜிகினாத் தோரணங்கள் ஜோராக ஆடிக்கொண்டிருந்தன. பளபளக்கும் உலோகத் தாள் அலையைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். சென்சாரைப் பொறுத்தவரை அங்கே ஒரு கும்பலே ஆடிக்கொண்டிருந்தது.

"இத யாருய்யா இங்க கட்டுனது?" என்றார் வரதராஜன்.

தோரணத்தின் ஒரு முனை சென்சாரின் பிராக்கெட்டிலேயே கட்டியிருந்தது. கிடங்கு ஆட்கள் எதையும் சணலில்தான் கட்டுவார்கள். இது வயர்களைக் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் கேபிள் டை; வால் பிசிறில்லாமல் கட்டரால் நறுக்கியிருந்தது. இருவரும் என் இடுப்புப் பையைப் பார்த்தார்கள். கேபிள் டைகள் கட்டாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

3. கற்றது

மைக்ரோவேவ் சென்சாருக்கு எதிரே ஃபேன், ஜிகினா, காற்றில் ஆடும் ஷட்டர் எதுவும் கூடாது. சூடும் அசைவும் ஒத்துப்போனால் மட்டும் அலறும் இரட்டை சென்சார் இருக்கிறது. தகரக் கொட்டகையில் கோடை வந்தால் அதன் பாதி தூங்கிவிடும். எதை மாட்டினாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: ஏதோ அசைந்தது என்பதோடு அதன் வேலை முடிந்தது. யார் என்று அது சொல்லாது. நாமும் போனில் சொல்லக் கூடாது.

வரதராஜன் அந்தோணியிடம் வருத்தம் தெரிவித்தார். நானும் டீ வாங்கிக் கொடுத்து, "மிஷின் ஏமாத்திடுச்சுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன்.

அந்தோணி டீயை ஊதிக் குடித்தார். "மிஷினு மேல இன்னா சார் தப்பு? உள்ள ஒர்த்தன் கைவரிசை காட்டிட்டுப் போயிருக்கான்னு அது கரெக்டாத்தான் சொல்லிச்சி. நீதான் ஆள மாத்திட்ட."