ஒரு முழம் பின்னால்

காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஜட்கா ஓட்டிய பச்சைமுத்துவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. வண்டியில் ஏறிய யாரையும் நிம்மதியாக உட்கார விடமாட்டான். கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் 'சொல்ப' என்பான்: "சொல்ப முன்னாடி வாங்க. பெரியவரே, நீங்க பின்னாடி." ஏறியவர் ஜட்ஜானாலும் சமையல்காரரானாலும் அவனுக்கு ஒன்றுதான். முன்பாரம் ஏறினால் குதிரையின் முதுகு நொந்துவிடும்; பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே எழும்பி வயிற்றுப்பட்டை இறுக்கும். கிளம்புமுன் ஏர்க்காலுக்கு அடியில் தோளைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பான். தோளுக்குச் சரியென்று பட்டால்தான் குதிரையைப் பூட்டுவான். நீலசந்திராவில் பிறந்தவன், வயது நாற்பதுக்குள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை.

அந்தத் தோளைப் பற்றி டென்சிலுக்கு 1958 வரை ஒன்றும் தெரியாது. டென்சில் விமானத் தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸ்காரர். மகள் டோரதி பத்து வருஷம் பச்சைமுத்துவின் ஜட்காவில்தான் பள்ளிக்கூடம் போனாள்; வண்டிக்காரர் படுத்துகிறார் என்று தினமும் புகார் சொல்வாள். அவள் இப்போது கோலார் தங்கவயலில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம்.

சிக்கல் மௌரீன்தான். டென்சிலின் மனைவி மூன்று வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டவள். கால் அசையாது, உட்காரவும் முடியாது. "ஸ்ட்ரெச்சர்ல கட்டி ரயில்ல ஏத்தினா நான் வரமாட்டேன். நான் இன்னும் பொணம் ஆகலை" என்று சொல்லிவிட்டாள். அதனால் டென்சில் காருக்குப் பின்னால் இழுத்துப்போக, படுக்கையோடு, இரண்டு சக்கரத்தில் ஓடும் ஒரு சின்ன வீட்டையே டோரதி உண்டான சேதி வந்ததிலிருந்து எட்டு மாதம் பாடுபட்டுக் கட்டினார். தண்ணீர் டிரம், ஸ்டவ், டிரங்குப் பெட்டி எல்லாம் முன்பக்கம், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி.

காரில் மாட்டினால் வந்தது வினை. காரின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துகொண்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஹெட்லைட் வெளிச்சம் மரக்கிளையில் விழுந்தது. பட்டறையில் ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். கார் நிமிர்ந்தது, ஆனால் முன்சக்கரம் தரையைத் தொடுகிறதா இல்லையா என்று ஸ்டீயரிங்குக்கே சந்தேகம். ஆத்திரத்தில் சாமான் எல்லாவற்றையும் பின்னால் தள்ளினார். அதற்கு வீடு நாய்வால் மாதிரி ஆடி, அவரை ரோட்டோரச் சாக்கடைவரை கொண்டுபோய்விட்டது. அன்று வெள்ளிக்கிழமை. காம்பவுண்டுக்குள் நின்று டென்சில் அந்த வீட்டுக்காகத் தான் போட்ட நாலு தாள் டிராயிங்கை வெறித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டியை நிறுத்திய பச்சைமுத்து, "சார், கழட்டி வுடுங்க, தூக்கிப் பாக்குறேன்" என்றான்.

டென்சிலுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் கழற்றிவிட்டார். பச்சைமுத்து கொக்கிக்கடியில் தோளைக் கொடுத்தான். "கழுத்துல பாரமே இல்ல சார். அதான் வாலை ஆட்டுது. சாமானெல்லாம் முன்னாடி இருந்தப்போ காரு கழுத்தை நசுக்கியிருக்கும். ஸ்பிரிங்கு பாவம், அது என்னா பண்ணும்?" டிரம்மைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்கச் சொன்னான். பெட்டியை அதற்கு ஒரு சாண் முன்னால். மறுபடி தூக்கினான். தலையாட்டினான். பிறகு கேட்டான்: "அம்மா எங்க?"

"உள்ளே படுத்திருக்காங்க. ஏன்?"

"அம்மா இல்லாம எப்படி சார் பாரம் பாக்குறது?"

டென்சிலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மௌரீனை ஒரு பாரமென்று கனவிலும் நினைக்கக் கூடாதென்று இருந்தவர், நாலு தாளிலும் அவள் எடையை எழுதவே இல்லை.

அவளைத் தூக்கிவந்து முன்பக்கப் படுக்கையில் கிடத்திவிட்டு இறங்கினார். பச்சைமுத்து தோளைக் கொடுத்தான். நரம்பு புடைத்தது. "சொல்ப பின்னாடி வாங்கம்மா" என்றான், எல்லாச் சவாரியிடமும் சொல்கிற அதே குரலில்.

டென்சில் பதறி உள்ளே ஏறப்போனார். "நீங்க ஏறாதீங்க சார்! உங்க எடையும் சேந்துடும்."

உள்ளே பலகை கிரீச்சிட்டது. ஜன்னல் வழியே டென்சில் பார்த்தார். மௌரீன் முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பை விரல்கடை விரல்கடையாகக் கால் இருந்த பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் தானாக நகர்ந்து அவர் பார்த்ததில்லை. வெளியே அந்த மனிதன் அத்தனை பாரத்தையும் சுமந்தபடி, "இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்றான். ஒரு முழம் ஆயிற்று. "போதும்மா. குதிரை தாங்கும்."

டென்சில் தராசு கொண்டுவந்து கொக்கியில் இறங்கிய பாரத்தை நிறுத்துப் பார்த்தார். மொத்த எடையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. புத்தகம் சொல்வதும் அதுதான். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவருக்கு.

கொக்கியை மாட்டினார்கள். கார் தளராமல் நின்றது. அந்திக் கருக்கலில் ஹெட்லைட் மரத்தை விட்டு இறங்கி ரோட்டில் நேராக விழுந்தது.

மௌரீன் படுத்தபடியே ஜன்னலில் முகத்தை வைத்து, வியர்வையோடு அழுதுகொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்றார் டென்சில்.

"மூணு வருஷமா எல்லாரும் என்னைத் தூக்கித் தூக்கி வைக்கிறீங்க. நகருன்னு யாருமே சொன்னதில்லை, டென்சில்."