கறுப்பு ரப்பர் துகளும் பிரௌனியின் பாதங்களும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றம் பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. மழைக்கு எங்கள் நாய் பிரௌனி சேற்றோடு உள்ளே வருகிறதென்று செயற்கைப் புல் விரித்தேன். புல்லிடையே நிரப்புவதற்கு மணலா, ரப்பர் துகளா என்று கடைக்காரரிடம் பதினொரு கேள்விகள் கேட்டேன்.

"ரப்பரைப் போடுங்க ஐயா, நாய்க்கு மெத்தை மாதிரி இருக்கும்" என்றார்.

ஆறு மூட்டை கறுப்புத் துகள் கொட்டினோம்.

நான்காம் நாள் மத்தியானம் பிரௌனி நொண்டிக்கொண்டு வந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மனைவி அதன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நீங்கள் செருப்போட திரியிறியள். அது வெறுங்காலில எல்லோ நடக்குது" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் நின்றேன். ஐந்து எண்ணுவதற்குள் துள்ளி வெளியே வந்தேன். நான் கேட்ட பதினொரு கேள்விகளில் வெயிலைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

பாதம் ஆற ஒன்பது நாள் மருந்து பூசினோம். துகளை அள்ள மூன்று நாள் சென்றது. இன்னமும் சோபாவுக்கு அடியிலிருந்து வருகிறது. இப்போது கழுவிய வெள்ளை மணல் போட்டிருக்கிறேன். அதுவும் உச்சி வெயிலில் சுடும். ஆகவே தண்ணீர் தெளித்து, வெறுங்காலுடன் நின்று அறுபது வரை எண்ணிய பிறகே பிரௌனியைக் கூப்பிடுகிறேன். அப்படியும் அது படியில் நின்று, முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறது.